வில்பத்துவின் வேலி யாருக்காக?

வருடத்துக்கு ஒருதடவையாவது எங்கள் முகநூலுக்கு வில்பத்து வந்துவிடும். மேலிருந்து எடுத்த ஒரு ட்ரோன் படம், பச்சைக்கு நடுவே செம்மண் நிறத்தில் ஒரு வெட்டவெளி, கீழே "வில்பத்துவைக் காப்போம்". அரைமணி நேரத்துக்குள் பின்னூட்டங்கள் காட்டை விட்டுவிட்டு எங்கள் தொப்பிக்கும் அபாயாவுக்கும் வந்துசேரும். அடுத்த அரைமணி நேரத்துக்குள் எம்மவர்கள் வந்து "இது இனவாதம்" என்று எழுதிவிட்டுப் போவார்கள். இரண்டு பக்கத்திலும் காட்டைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதியிருக்க மாட்டார்.

புத்தளக் கரையில் பிறந்து, இதே கரையில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் நாங்கள் காட்டைப் பற்றியும் பேசலாம் என்று நினைக்கிறோம். நீளமான பதிவு. இரண்டு தரப்புக்கும் கோபம் வரும். வரட்டும்.

முதலில் அந்தக் காடு என்ன என்பதைச் சொல்லிவிடுவோம். ஏனென்றால் அதற்காக அடித்துக்கொள்பவர்களில் பாதிப்பேர் அதன் வாயிலைக்கூடப் பார்த்ததில்லை.

வில்பத்து 1905இல் சரணாலயமானது. 1938இல் தேசியப் பூங்கா. ஏறத்தாழ 1,317 சதுர கிலோமீற்றர். நாட்டிலேயே பெரிய தேசியப் பூங்கா இதுதான். 2013இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. தெற்கே கலா ஓயா, வடக்கே மோதரகம் ஆறு, மேற்கே கடல். உள்ளே மலைகள் இல்லை, அருவிகள் இல்லை. இருப்பவை வில்லுகள். மணல் வரம்பு சூழ்ந்த, மழைநீர் தேங்கும் இயற்கைப் பள்ளங்கள். குளம் என்று சொல்லமுடியாது, ஏனென்றால் யாரும் அணை கட்டவில்லை. சிலவற்றில் தண்ணீர் உப்புக்கரிக்கும். கோடையில் வற்றி விளிம்பில் புல் முளைக்க, மான் வரும். மானுக்குப் பின்னால் சிறுத்தை வரும். கொக்கரி வில்லு, காளி வில்லு, குருட்டுப்பாண்டி வில்லு என்று பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். இவற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் எந்த மொழி பேசியிருப்பார்கள் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. சிங்களப் பெயர்களும் அதே அளவுக்கு உண்டு. கலந்துதான் கிடக்கின்றன, காட்டில் மரங்கள் கலந்து கிடப்பதைப் போல.

கடற்கரைப் பக்கம் குதிரைமலை. மலை என்ற பெயர்தான், உண்மையில் செம்மண் பாறை முனை. செம்பு நிறத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். ரோமாபுரியின் பிளினி எழுதிய நூலில் ஒரு கதை வருகிறது: அன்னியஸ் புளொக்காமஸ் என்பவரின் ஆள் ஒருவர் காற்றில் அள்ளுண்டு இலங்கையில் 'ஹிப்புரோஸ்' என்ற துறையில் கரையொதுங்கினார் என்று. கிரேக்கத்தில் அந்தப் பெயருக்குக் குதிரையோடு தொடர்பு இருப்பதால் அது குதிரைமலைதான் என்று அறிஞர்கள் பலர் கருதினார்கள். விஜயன் இறங்கிய தம்பபண்ணி இதுவே என்பார் சிலர். அல்லி அரசாணியின் கோட்டை இருந்தது என்பது தமிழர் வாய்க்கதை. பூங்காவுக்குள் பள்ளக்கண்டலில் அந்தோனியார் கோயில் உண்டு. கத்தோலிக்கச் சகோதரர்கள் திருவிழாவுக்குப் போய்வருகிறார்கள். பூக்குளத்தில் மீனவர்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் அந்தக் காட்டில் ஒரு சொந்தம் இருக்கிறது. எங்களுக்கு மட்டும் ஏன் குற்றவாளிக் கூண்டு?

அதற்குப் பதில் 1990 அக்டோபரில் இருக்கிறது.

அந்த மாதக் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். மன்னாரிலிருந்து வந்தவர்களில் பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினார்கள். புத்தளம் தன்னிடம் இருந்ததைப் பகிர்ந்துகொண்டது: காணியை, கிணற்றை, பள்ளிவாசலை, வகுப்பறையை. உரசல்களும் இருந்தன, இல்லையென்று சொல்வது பொய். ஆனால் இருபது வருடம் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளினோம். இன்று நாங்கள் படிப்பிக்கும் வகுப்புகளில் யார் இடம்பெயர்ந்தோரின் பிள்ளை, யார் ஊர்ப் பிள்ளை என்று எங்களுக்கே மறந்துபோகும்.

2009இல் போர் முடிந்ததும் முசலிப் பிரதேசத்து மக்கள் திரும்பிப்போனார்கள். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி. போய்ப் பார்த்தால் ஊர் இல்லை. இருபது வருடத்தில் காடு என்ன செய்யும்? வீட்டுக்குள் பாலை மரம் நிற்கும், கிணற்றுக்குள் வேர் இறங்கியிருக்கும். மையவாடியைத் தேடித்தான் ஊரின் எல்லையைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்று போனவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்கள் பற்றையை வெட்டினார்கள். அந்தப் பற்றைதான் ட்ரோன் படத்தில் "அழிக்கப்பட்ட வில்பத்து" ஆனது.

இந்த இடத்தில் ஒரு சின்னப் பாடம் எடுக்க அனுமதியுங்கள். தேசியப் பூங்கா வேறு, சரணாலயம் வேறு, ஒதுக்குக்காடு வேறு. பூங்காவுக்குள் மனிதர் குடியிருக்கவே முடியாது. சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம். இந்த இரண்டும் வனஜீவராசிகள் திணைக்களத்தின் கீழ். ஒதுக்குக்காடு வனபரிபாலனத் திணைக்களத்தின் கீழ், வேறு சட்டம். வில்பத்து தேசியப் பூங்கா மோதரகம் ஆற்றோடு முடிந்துவிடுகிறது. நாம் பேசும் ஊர்கள் ஆற்றுக்கு வடக்கே இருக்கின்றன. 2015இல் தொலைக்காட்சிகள் இரவு பகலாக "வில்பத்துவுக்குள் முஸ்லிம் குடியேற்றம்" என்று சொன்னபோது, இந்த ஆறு எங்கே ஓடுகிறது என்று ஒரு வரைபடத்தைக் காட்டியவர்கள் மிகக் குறைவு.

ஊர்க்காரர் இன்னும் புத்தளத்து முகாம்களில் இருக்கையில், 2012 அக்டோபரில் ஒரு வர்த்தமானி வந்தது. மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, விளாத்திக்குளம் என்று ஊர்ப்பெயர்களையே சூட்டி ஒதுக்குக்காடுகள் பிரகடனப்படுத்தப்பட்டன. ஒரு காட்டின் பெயரே ஓர் ஊரின் பெயராக இருக்கும்போது அந்த ஊரின் மக்கள் எங்கே என்று யாராவது கேட்டிருக்க வேண்டாமா? 2017 மார்ச்சில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ரஷ்யாவில் இருந்தபடி இன்னொரு வர்த்தமானியில் கையெழுத்திட்டார். மாவில்லு என்ற பெயரில் 40,030 ஹெக்டெயார். மறிச்சுக்கட்டி மக்கள் வெயிலில் உட்கார்ந்து போராடினார்கள்.

சரி, இதுவரை எழுதியதற்கு எம்மவர்கள் "மாஷா அல்லாஹ், அருமையான பதிவு" என்று இதயம் போட்டிருப்பீர்கள். இனிமேலும் வாசியுங்கள்.

2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுற்றாடல் நீதிக்கான நிலையம் தொடுத்த வழக்கு. கல்லாறு வனப்பகுதியில் மீள்குடியேற்றத்துக்காகக் காடழித்தது சட்டத்துக்கு முரண், அங்கே மீண்டும் மரம் நடும் செலவை முன்னாள் அமைச்சர் ரிஷாட் பதியுதீன் ஏற்கவேண்டும் என்றது. தீர்ப்பு வந்த அன்று எம்மவர்களில் பலர் செய்த முதல் வேலை, அதையும் இனவாதப் பட்டியலில் சேர்த்தது. தீர்ப்பை வாசித்தவர்கள் எத்தனைபேர்? நீதிமன்றம் எங்கள் ஊர்க்காரரின் பூர்வீகக் காணியைப் பறிக்கவில்லை. ஒதுக்குக்காட்டைக் குடியிருப்பாக்குவதற்குச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது, அந்த வழியால் போகவில்லை என்றது. இரண்டும் வேறு.

1990க்கு முன் உறுதியோ உத்தரவுப்பத்திரமோ வைத்திருந்தவனின் காணி ஒன்று. பெருகிய குடும்பங்களுக்காகப் புதிதாக வெட்டிய காடு இன்னொன்று. முதலாவதை நாம் ஓர் அங்குலமும் விடக்கூடாது. இரண்டாவதற்கு நியாயம் இருக்கலாம். ஐந்து பிள்ளைகளோடு போனவர் பதினைந்து பேரப்பிள்ளைகளோடு திரும்பினால் பழைய காணி போதாது, அது யாருக்கும் விளங்கும். அதைப் பகிரங்கமாகக் கேட்டு, அளந்து, சட்டப்படி பெற்றிருக்க வேண்டும். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி, மேடையில் "சமூகத்தின் உரிமை" என்று விற்றவர்கள் மறிச்சுக்கட்டியின் ஏழைக்குச் செய்தது நன்மையல்ல. உறுதி கையில் வைத்திருந்த வாப்பாவையும் காடு பிடித்தவன் என்று நாடு முழுவதும் பார்க்க வைத்தார்கள். வீட்டுச் சாவியை வாங்கிய குடும்பம் எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று தெரிந்தா வாங்கியது?

இதைச் சொன்னால் "பாருங்கள், முஸ்லிம்களே ஒத்துக்கொள்கிறார்கள்" என்று மறுபக்கம் படம் பிடித்துப் போடுவார்கள். அவர்களுக்கும் ஒரு கேள்வி வைத்திருக்கிறோம். பூங்காவின் வடக்கு எல்லையில் அவ்வளவு கண்ணும் வைத்திருக்கும் நீங்கள், தெற்கு எல்லைக்கு ஏன் வருவதில்லை?

தெற்கே கலா ஓயா. அந்தப் பக்கம் வில்பத்து. இந்தப் பக்கம், எங்கள் வண்ணாத்திவில்லுப் பிரதேசத்தில், அருவக்காடு. சிமெந்துக்காகப் பல பத்தாண்டுகளாகச் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கும் இடம். கல் அங்கிருந்து ரயிலில் பாலாவித் தொழிற்சாலைக்குப் போகும். பல கோடி வருடங்களுக்கு முன் கடலடியில் சிப்பியும் சங்கும் படிந்து உண்டான பாறை அது. உள்ளே புதையுண்ட உயிர்ச்சுவடுகள் இன்னும் கிடைக்கின்றன. வேறொரு நாட்டில் இருந்திருந்தால் அந்தப் பாறைக்கே ஒரு வேலி போட்டுப் பலகை நட்டிருப்பார்கள். இங்கே வெடிவைத்து லொறியில் ஏற்றினோம். சிமெந்து வேண்டும், வீடு கட்டவேண்டும், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் கல் எடுத்து முடித்த பள்ளத்துக்கு என்ன கொண்டுவந்தார்கள்?

கொழும்பின் குப்பையை.

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து 32 பேர் மாண்டார்கள். அந்த மலைக்குக் கீழே வாழ்ந்தவர்களும் ஏழைகள்தான், பலகாலம் கத்தியும் யாரும் காது கொடுக்காதவர்கள். அவர்களோடு எங்களுக்குச் சண்டையில்லை. அந்த மரணங்களிலிருந்து அரசு படித்த பாடத்தோடுதான் சண்டை. குப்பையைக் குறைக்கவேண்டும், பிரிக்கவேண்டும், உரமாக்கவேண்டும் என்றல்ல அவர்கள் படித்தது. தூரத்தில் கொண்டுபோய்ப் போடவேண்டும், அவ்வளவுதான். நாளொன்றுக்கு 1,200 தொன், ரயிலில், ஏறத்தாழ 170 கிலோமீற்றர். "சுகாதார முறையிலான நிலநிரப்பல்" என்று பெயர். சுண்ணாம்புப் பாறையில் மழைநீர் எப்படி இறங்கும் என்று எங்கள் தரம் 9 பிள்ளையைக் கேட்டால் சொல்வாள். வெடிப்பு வழியாக இறங்கும், நிலத்தடியில் எங்கே போகும் என்று கண்ணுக்குத் தெரியாது. விரிப்புப் போட்டிருக்கிறோம், கசியாது என்கிறார்கள். பக்கத்தில் கல்லுடைக்க வெடிவைக்கும் இடத்தில் விரிப்பு எத்தனை வருடம் தாங்கும்? ஓயா முகத்துவாரத்தில் கண்டல் காடு, அப்பால் களப்பு, அதில் இறால், நண்டு, மீன், அதை நம்பிய கங்கேவாடியும் சேரக்குளியும்.

யானையைப் பற்றியும் யோசியுங்கள். யானைக்கு வர்த்தமானி வாசிக்கத் தெரியாது, ஓயாவைக் கடந்து வண்ணாத்திவில்லுக்கு வரும் போகும். அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீன் தின்று செத்த யானைகளின் படங்களை 2022இல் உலகமே பார்த்தது. அந்தப் படங்களைப் பகிர்ந்து கண்ணீர் விட்டவர்களில் எத்தனைபேர் அருவக்காட்டைப் பற்றி ஒரு வரி எழுதினார்கள்?

2018இல் புத்தளம் நகரில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. நூறு நாட்களையும் தாண்டியது. முஸ்லிம்கள் மட்டும் உட்காரவில்லை. கத்தோலிக்கரும் சிங்களவரும் இந்துக்களும் வந்தார்கள். உம்மாமார் குழந்தைகளோடு வந்தார்கள். 2019 மார்ச்சில் கொழும்புக்கே போய் நின்றார்கள். "வில்பத்துவைக் காப்போம்" என்று ஊரைக் கூட்டியவர்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே பக்கத்தில் வந்து நின்றார்கள். வந்தவர்களை மறக்கமாட்டோம். வராதவர்களுக்கு ஏன் வரவில்லை என்று அவர்களுக்கே தெரியும்: அருவக்காட்டுப் படத்தில் தொப்பி போட்டவன் காட்டை அழிக்கவில்லை, காட்டுக்காக நின்றுகொண்டிருந்தான். அந்தப் படம் அவர்களுக்குப் பயன்படாது.

பிறகு ஏப்ரல் 21 வந்தது. அந்தக் குண்டுகளை வைத்த பாவிகள் தேவாலயத்தில் தொழுதுகொண்டிருந்தவர்களைக் கொன்றார்கள். அதற்குப் பிறகு இந்த நாட்டில் ஒரு முஸ்லிம் பதாகை தூக்கித் தெருவில் நிற்கும் காலம் இல்லாமல் போனது. ஓகஸ்டில் குப்பை லொறிகள் வந்தன. அக்டோபரில் அந்த மேட்டில் வெடிப்பு ஒன்று நடந்தது. நாங்கள் வீட்டுக்குள் இருந்தோம்.

வடக்கு எல்லையிலும் வேறொரு கதை உண்டு. முசலியில் முள்ளிக்குளம் என்ற தமிழ்க் கத்தோலிக்க ஊர். 2007இல் மக்களை வெளியேற்றிவிட்டுக் கடற்படை முகாம் அமைத்தது. 2017இல்தான் ஒரு பகுதியை விடுவிக்கிறோம் என்றார்கள். அந்த முகாமுக்கு ட்ரோன் அனுப்பியவர் எவரும் உண்டா? மேற்கே கற்பிட்டிக் குடாவில் நுரைச்சோலை அனல்மின் நிலையம், 900 மெகாவாற். நாட்டுக்கெல்லாம் வெளிச்சம், சாம்பல் மட்டும் பக்கத்து மரக்கறித் தோட்டத்துக்கு. வலியவன் வரும்போது எல்லைக்கோடு நகர்ந்து வழிவிடுகிறது. இருபது வருட அகதி திரும்பி வரும்போது அதே கோடு வேலியாகி நிற்கிறது.

எங்கள் மார்க்கத்தில் இதற்கு ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. பள்ளியில் ஜும்ஆ பயான்களில் நாம் அதிகம் கேட்காத ஒன்று. 'ஹிமா'. பாதுகாக்கப்பட்ட நிலம். ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் மதீனாவைச் சுற்றி மரம் வெட்டக்கூடாத, வேட்டையாடக்கூடாத எல்லையை வகுத்தார்கள். நகீஉ என்ற இடத்தை ஹிமாவாக ஒதுக்கினார்கள். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே. ஆகவே "காடு, சரணாலயம் எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது" என்று நம்மில் சிலர் சொல்வதை இனி நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னும் முக்கியமானது உமர் (ரழி) அவர்களின் கதை. ஹிமா ஒன்றுக்கு ஹுனைய் என்பவரைப் பொறுப்பாக நியமித்தபோது அவர்கள் சொன்ன அறிவுரை புகாரியில் பதிவாகியிருக்கிறது. சாரம் இதுதான்: கொஞ்ச ஒட்டகமும் கொஞ்ச ஆடும் வைத்திருப்பவனை உள்ளே விடு. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், உத்மான் இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தை விஷயத்தில் எச்சரிக்கையாக இரு. அவர்களுடைய மந்தை செத்தாலும் அவர்களுக்குப் பேரீச்சந்தோட்டமும் வயலும் இருக்கிறது. ஏழையின் ஆடு செத்தால் அவன் பிள்ளைகளோடு வந்து என் வாசலில் நிற்பான்.

கவனியுங்கள், பெயர் சொல்லப்பட்ட இருவரும் சாதாரண ஆட்களல்லர். சொர்க்கத்துக்கு நன்மாராயம் பெற்ற ஸஹாபாக்கள். அவர்களையே கலீபா வேலிக்கு வெளியே நிற்கச் சொன்னார். ஹிமாவைத் திறந்துவிடவும் இல்லை. காவலாளியை நீக்கவும் இல்லை. வேலி இருக்கவேண்டும், அது சாயவேண்டிய பக்கம் ஏழையின் பக்கம். இந்த அளவுகோலால் வில்பத்துவை அளந்து பாருங்கள். மாநகரசபைகளின் குப்பைக்குக் கதவு திறக்கிறது. முகாம்களுக்குத் திறக்கிறது. மறிச்சுக்கட்டிக் கிழவியின் விறகுக்கட்டுக்கு மட்டும் மூடியிருக்கிறது. அதே அளவுகோல் எங்கள் பக்கத்துப் பெரியவர்களையும் அளக்கும். 80களிலும் 90களிலும் களப்போரக் கண்டலை வெட்டி இறால் பண்ணை போட்டவர்களில் வெளியூர் முதலாளிகளும் இருந்தார்கள், எங்கள் ஊர் ஹாஜியார்மாரும் இருந்தார்கள். வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகள் படுத்த பிறகு அந்தக் குழிகள் அப்படியே கிடக்கின்றன. கண்டல் திரும்பவில்லை. களப்பில் தூண்டில் போட்டவன்தான் நட்டப்பட்டான்.

இப்போது மன்னார் வீதிக்கு வருவோம். இங்கேதான் நம் நேர்மைக்குச் சோதனை.

புத்தளத்திலிருந்து எழுவன்குளம், கலா ஓயா, பூங்காவின் ஊடாக மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை, மன்னார். பழைய பாதை. அது இல்லையென்றால் அனுராதபுரம், மதவாச்சி என்று சுற்றவேண்டும். பாதிக் குடும்பம் முசலியில், பாதிக் குடும்பம் புத்தளத்தில். ஒரு மௌத்துச் செய்தி வந்தால் ஜனாஸாவுக்குப் போய்ச்சேர முடியாமல் திரும்பியவர்கள் எங்கள் தெருவில் எத்தனைபேர்! சூழல் அமைப்புகள் இந்தப் பாதைக்கெதிராக உச்ச நீதிமன்றம் வரை போனபோது நம்மவர் கொதித்தது இதனால்தான். கொதிப்பில் நியாயம் உண்டு.

ஆனால் தேர்தலுக்குத் தேர்தல் மேடையில் தரப்படும் வாக்குறுதி அந்தப் பாதை அல்ல. இருவழிக் கார்ப்பட் வீதி. அது வேறு சாமான். கார்ப்பட் போட்டால் இரவில் லொறி எண்பதில் ஓடும். மானும் சிறுத்தையும் அடிபடும். வீதி போனால் பின்னால் கடை போகும், கடைக்குப் பின்னால் காணி போகும். மரக் கடத்தலுக்கு இதைவிட வசதி வேண்டுமா? தேசியப் பூங்காவின் நடுவால் நெடுஞ்சாலை கேட்டுக்கொண்டே அருவக்காட்டில் போய் "சூழலைக் காப்போம்" என்று பதாகை பிடிக்க நமக்கு முகம் இருக்காது. நாம் கேட்கவேண்டியது கிறவல் பாதை. காலையில் திறந்து மாலையில் மூடும் படலை. இரண்டு முனையிலும் பதிவு. வேகக் கட்டுப்பாடு. நாளுக்கு இரண்டு பஸ். ஜனாஸாவுக்கும் நோயாளிக்கும் எந்நேரமும் விதிவிலக்கு. பாரமான வாகனம் ஒன்றும் வேண்டாம். இப்படிக் கேட்டால் சூழல் அமைப்புகளோடு ஒரே மேசையில் உட்காரலாம். கார்ப்பட் கேட்டால் இன்னும் பத்து வருடம் நீதிமன்றப் படியில் உட்காரலாம். சில அரசியல்வாதிகளுக்கு இரண்டாவதுதான் விருப்பம், அடுத்த தேர்தலுக்கும் அதே வாக்குறுதி உதவும்.

கடைசியாக எங்கள் தொழில் சார்ந்த ஒரு விஷயம். புத்தளத்துப் பாடசாலைகளின் கல்விச் சுற்றுலா எங்கே போகிறது? கண்டி, நுவரெலியா, பின்னவல, தெஹிவளை மிருகக்காட்சிசாலை. விடிய மூன்று மணிக்கு பஸ் ஏற்றி, நாலு மணித்தியாலம் ஓட்டி, தெஹிவளையில் கூண்டுக்குள் தூங்கும் சிறுத்தையைக் காட்டிவிட்டுக் கூட்டிவருகிறோம். அதே சிறுத்தை ஒரு மணித்தியாலத் தூரத்தில், எழுவன்குளம் வாயிலுக்கு அப்பால், வெளியில் நடமாடுகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு வில்பத்து என்றால் ஒரு முகநூல் சண்டையின் பெயர். பதினைந்து வயதில் ஒரு பிள்ளை "சேர், அது எங்கட காடா, அவங்கட காடா?" என்று கேட்டால், அந்தக் கேள்வியை அவன் வாயில் வைத்தவர்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள்.

ஆகவே பாடசாலை அதிபர்களிடமும் அபிவிருத்திச் சங்கங்களிடமும் கேட்கிறோம்: வருகிற வருடம் ஒரு தரத்தையாவது எழுவன்குளம் வழியாக உள்ளே கூட்டிப்போங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்திடம் கேட்கிறோம்: தமிழில் விளக்கம் சொல்லும் வழிகாட்டி ஒருவரைத் தாருங்கள். பிரதேச செயலகங்களிடமும் வனபரிபாலனத் திணைக்களத்திடமும் கேட்கிறோம்: மாவில்லு வர்த்தமானிக்குள் அகப்பட்ட பூர்வீகக் காணிகளை ஊர்க்காரரை வைத்துக்கொண்டு, நிலத்தில் நின்று அளந்து பிரித்துவிடுங்கள்; மிச்சக் காட்டுக்கு நாங்களே காவல் நிற்கிறோம். மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் கேட்கிறோம்: அருவக்காட்டைச் சுற்றிய கிணறுகளிலும் கலா ஓயா முகத்துவாரத்திலும் தண்ணீரைப் பரிசோதித்து, முடிவை மூன்று மொழியிலும் வண்ணாத்திவில்லுப் பிரதேச சபையின் அறிவித்தல் பலகையில் மாதாமாதம் ஒட்டுங்கள்.

இந்தப் பதிவைப் பகிர்வதாயின் முழுவதையும் பகிருங்கள். கல்லாறு பற்றிய பந்தியை வெட்டிவிட்டு அருவக்காட்டை மட்டும் வட்ஸ்அப்பில் அனுப்பவேண்டாம். அருவக்காட்டை வெட்டிவிட்டுக் கல்லாறை மட்டும் சிங்களத்தில் மொழிபெயர்த்துப் போடவும் வேண்டாம். பின்னூட்டத்தில் திட்ட விரும்புபவர்கள், மோதரகம் ஆறும் கலா ஓயாவும் எங்கே ஓடுகின்றன என்று ஒருதடவை வரைபடத்தில் பார்த்துவிட்டு வந்து திட்டுங்கள்.